மோதலில் பிறக்கும் ஒளியும் தமிழ்த்துறையின் கடமையும்

தமிழ்த்துறை மலரொன்றில் ஒளியைப் பற்றிய கட்டுரை என்றால், அறிவொளி, அகவொளி, அன்பொளி என உவமை வழியில் நடக்கும் கட்டுரையாகவே அதனைப் பலரும் எதிர்பார்ப்பர். யான் எழுதப் புகுந்தது வேறொரு பொருள். இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று நெருங்கி மோதி விலகும் நேரத்தில் ஒளி எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு விழுங்கப்படுகிறது என்னும் இயற்பியற் செய்தி அது. இதனை இயற்பியல் துறையாரன்றோ எழுத வேண்டும், தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று மாணவர் கேட்கலாம். ஊர்ப் பெரியோர்களும் கேட்கலாம். தமிழாசிரியர்க்கு இதில் சரிபாதி வேலை உண்டு என்பதே என் கருத்து. அக்கருத்தை நிறுவுவதற்கு முன் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். செய்தி தமிழில் விளங்கினால் கருத்தும் தானே விளங்கும்.

இளங்கலை இயற்பியல் பயிலும் மாணவர் எவரையேனும் நிறுத்திச் சோடியம் விளக்கின் அலைநீளம் யாது என்று கேட்டுப் பாருங்கள். 5893 ஆங்ஸ்ட்ராம் என்று உடனே விடை வரும். (ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறே ஆங்ஸ்ட்ராம்.) நியூட்டன் வளையச் சோதனையில் பயன்படுவதால் அவ்வெண் மாணவர்க்கு நெட்டுருவாகிவிட்டது. ஆனால் ஆய்வகச் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை நுட்பமாகப் பிரித்துப் பார்த்தால், 5890-இல் ஒன்றும் 5896-இல் ஒன்றுமாக இரண்டு கோடுகள் தெரியும். 5893 என்பது அவ்விரண்டின் சராசரி. அந்தச் சராசரி எண் நிற்கும் இடத்தில் ஒளி ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். மூன்றாண்டுகள் நாவிலிருந்த எண்ணுக்குரிய இடத்தில் ஒளியே இல்லை என்பதை எத்தனை மாணவர் அறிந்திருப்பர்?

தனித்திருக்கும் அணு, தனக்கென வகுக்கப்பட்ட சில அலைநீளங்களில் மட்டுமே ஒளியை உமிழும். ஏறத்தாழ அதே அலைநீளங்களையே உட்கவரவும் செய்யும். சோடியத்திற்கு ஒரு வரிசை, பாதரசத்திற்கு ஒரு வரிசை, இரும்புக்கு ஆயிரக்கணக்கில் ஒரு வரிசை என ஒவ்வொரு தனிமத்திற்கும் கைரேகை போன்றதொரு நிறமாலை உண்டு. 1814-இல் பிரான்ஹோபர் கதிரவன் ஒளியின் நிறமாலையில் நூற்றுக்கணக்கான கருங்கோடுகளைக் கண்டு குறித்தார். அக்கோடுகள் எந்தெந்தத் தனிமம் ஒளியை உட்கவர்ந்த இடங்கள் என்பதை 1859-இலும் அதனையடுத்தும் கிர்க்காஃபும் புன்சனும் விளக்கினர். தென்னிந்தியாவுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1868 ஆகஸ்ட் 18-இல் தோன்றிய முழுச் சூரிய கிரகணத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் குண்டூரிலிருந்து ஆராய்ந்தார். சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அவ்வாண்டு கதிரவன் விளிம்பில் கண்ட மஞ்சட்கோடு சோடியத்தின் கோட்டுக்கு மிக அருகில் இருந்தும் அதனோடு பொருந்தவில்லை. ஹீலியம் என்னும் புதிய தனிமம் உண்டு என்னும் முடிவு அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்தே பிறந்தது. மண்ணுலகில் அத்தனிமத்தை இராம்சே கண்டது 1895-இல்தான்.

இதுகாறும் கூறியது தனித்த அணுவின் கதை. உலகில் தனித்த அணு எங்கே இருக்கிறது? நாம் மூச்சிழுக்கும் காற்றில் உள்ள ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு வினாடியில் ஏறத்தாழ ஐந்நூறு கோடி முறைக்கு மேல் பிற மூலக்கூறுகளோடு மோதுகிறது. சந்தைக் கூட்டத்தில் தோளோடு தோள் இடிபடாமல் நடப்பவர் உண்டோ? அணுவின் நிலையும் அதுவே. ஆகவே தனித்த அணுவின் ஒளியைப் பற்றி மட்டும் கற்பிப்பது, தனியாளின் குணத்தைச் சொல்லிவிட்டு அவன் வாழும் குடும்பத்தைச் சொல்லாமல் விடுவதைப் போன்றது.

மோதலால் ஒளி பிறத்தலுக்கு எளிய சான்று நம் வீடுகளில் பல்லாண்டுகள் எரிந்த குழல் விளக்கு. அதனுள் சிறிதளவு பாதரச ஆவி உண்டு. மின்சாரம் பாயும்போது விரைந்தோடும் எலக்ட்ரான்கள் பாதரச அணுக்களின்மேல் மோதுகின்றன. மோதுண்ட அணு கிளர்ச்சியுற்றுப் பின் தணியும்போது 2537 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை உமிழ்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. குழலின் உட்புறத்தில் பூசிய வெண்பொடியே அதனைக் கட்புலனாகும் ஒளியாக மாற்றித் தருகிறது. எலக்ட்ரான் எத்துணை வேகத்தில் மோதினால் பாதரச அணு கிளர்ச்சியுறும் என்பதை 1914-இல் பிராங்க், ஹெர்ட்ஸ் இருவரும் அளந்தனர். 4.9 வோல்ட்டுக்குக் குறைந்த ஆற்றலோடு வரும் எலக்ட்ரானை அணு பொருட்படுத்துவதில்லை. அது பந்துபோல் மீண்டுவிடுகிறது. அந்த எல்லையைத் தொட்டால் தன் ஆற்றல் முழுவதையும் அணுவிடம் கொடுத்துவிடுகிறது. 1925-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு இவ்வாய்வுக்குக் கிடைத்தது.

இது மோதல் முடிந்தபின் பிறக்கும் ஒளி. மோதிக்கொண்டிருக்கும்போதே பிறக்கும் ஒளி இதனினும் வியப்புக்குரியது. கிளர்ச்சியுற்ற சோடியம் அணு தன் ஒளியை உமிழ எடுத்துக்கொள்ளும் சராசரிக் காலம், ஒரு வினாடியை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் பதினாறு கூறு. இரண்டு அணுக்கள் நெருங்கி மோதி விலகும் காலமோ, வினாடியை இலட்சம் கோடிக் கூறாக்கினால் ஏறத்தாழ ஒரு கூறு. அஃதாவது முன்னதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அக்குறுகிய கணத்தில் அவ்விரண்டும் தனித்தனி அணுக்களாக நில்லாமல், பெயரில்லாத ஒரு மூலக்கூறு போல் ஆகிவிடுகின்றன. ஒன்றன் எலக்ட்ரான் மேகம் மற்றொன்றன் மேகத்தை அழுத்துகிறது. ஆற்றல் மட்டங்கள் இடம் பெயர்கின்றன. அக்கணத்தில் பிறக்கும் ஒளி, இரண்டில் எந்த அணுவும் தனித்திருந்தால் உமிழாத அலைநீளத்தில் இருக்கக்கூடும். அக்கணத்தில் ஒளி பிறவாவிடினும் மோதல்களால் அணுவின் ஒளி உமிழ்தல் இடையறுபடும். குழலூதுவோன் மூச்சு அடிக்கடி அறுபட்டால் சுருதி சுத்தமாக நில்லாததுபோல, கூரிய நிறமாலைக் கோடு அகன்று பட்டையாகிறது. மோதல்களால் கோடு இவ்வாறு அகலும் என்பதை 1906-இல் லோரன்ட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார்.

இதற்கு நம் தெருவிலேயே சான்று இருந்தது. தமிழகப் பேரூராட்சித் தெருக்களிலும் நெடுஞ்சாலைகளிலும் பல்லாண்டுகள் பொன்னிறமாக எரிந்த சோடியம் ஆவி விளக்கைச் சொல்கிறேன். ஆய்வகத்து விளக்கிலும் சோடியம், தெருவிளக்கிலும் சோடியம். அது வெறும் மஞ்சள். இது பொன் கலந்த வெண்மை. ஆய்வக விளக்கின்கீழ்ச் சிவப்புத் துணி கறுத்துத் தெரியும். தெருவிளக்கின்கீழ் அது சிவப்பென்று ஓரளவு தெரியும். தனிமம் ஒன்றாயிருக்க ஒளி வேறானது எதனால்? அழுத்தத்தால். தெருவிளக்கின் உட்குழலில் சோடியம் ஆவி அடர்ந்து நெருங்கி நிற்கிறது. உடன் பாதரச ஆவியும் செனான் வாயுவும் உண்டு. சோடியம் அணுக்கள் தம்முள்ளும் பாதரச அணுக்களோடும் ஓயாமல் மோதுகின்றன. அம்மோதல்களால் இரண்டு மெல்லிய கோடுகள் பச்சையின் பக்கமும் சிவப்பின் பக்கமும் விரிந்து அகன்ற பட்டைகளாகின்றன. அதற்குமேல் ஒரு விந்தையும் உண்டு. நடுவிலிருந்து புறப்படும் 5890, 5896 ஒளியைக் குழலின் ஓரத்திலுள்ள குளிர்ந்த சோடியம் அணுக்களே உட்கவர்ந்துவிடுவதால், சோடியத்தின் சொந்தக் கோடு இருக்க வேண்டிய இடம் இருண்டு கிடக்கிறது. பிரான்ஹோபர் கதிரவனில் கண்ட கருங்கோட்டைத் தெருவிளக்கிலேயே காணலாம் என்பது இதன் பொருள். இன்று பெரும்பாலான தெருக்களில் எல்.இ.டி. விளக்குகள் அவ்விடத்தைப் பிடித்துவிட்டன. மின்சாரச் சிக்கனம் நல்லதே. ஆயினும் தெருவெங்கும் தொங்கிய ஒரு பாடத்தை நடத்தாமலே கழற்றிவிட்டோம் என்பதையும் குறிப்பிடாமலிருக்க முடியவில்லை.

உட்கவர்தலிலும் இவ்விந்தை உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் மூலக்கூறுகள் இரண்டு ஒத்த அணுக்களால் ஆனவை. இருபுறமும் ஒத்திருப்பதால் அவற்றில் மின்னேற்றம் ஒருபுறம் சாய்வதில்லை. ஆகவே அகச்சிவப்பு ஒளி அவற்றைப் பற்ற வழியின்றிக் கடந்துவிடுகிறது. ஆனால் இரண்டு மூலக்கூறுகள் மோதும்போது ஒன்று மற்றொன்றன் வடிவத்தைக் கணப்பொழுது குலைக்கிறது. அக்கணத்தில் சாய்வு உண்டாகிறது; ஒளியும் பற்றிக்கொள்கிறது. அழுத்திய ஆக்சிஜனிலும் நைட்ரஜனிலும் இவ்வாறு நிகழ்வதை 1949-இல் கனடா நாட்டு டொரண்டோவில் வெல்ஷும் அவர்தம் உடனாய்வாளரும் கண்டறிந்தனர். 1959-இல் ஹீலியமும் ஆர்கனும் போன்ற, யாரோடும் கூடாத மந்த வாயு அணுக்கள்கூட, வேற்றணுவோடு மோதும் கணத்தில் அகச்சிவப்பை உட்கவர்வதை அறிந்தனர். தனியே நின்றால் இரண்டும் ஒளியைத் தொடுவதில்லை.

நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் ஏவூர்தி எஞ்சின்களைச் சோதிக்கும்போது பயன்படும் திரவ ஆக்சிஜன் வெளிர்நீல நிறமுடையது. அந்நீலமும் இவ்வகையினதே. இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் நெருங்கி நின்று ஒரே ஒளித்துகளைப் பங்கிட்டு உண்கின்றன. அவ்வாறு உண்ணப்படுவது சிவப்புப் பகுதியிலுள்ள ஒளியாதலின் எஞ்சுவது நீலமாகத் தெரிகிறது. சனிக்கோளின் துணைக்கோளான டைட்டன் தன் காற்று மண்டலத்தால் சற்றே வெதுவெதுப்புப் பெறுவதும் பெரும்பாலும் அங்குள்ள நைட்ரஜன், மீத்தேன், ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் மோதலால் விளையும் உட்கவர்தலாலேயே.

இனி, நம்மவர் இருவரைச் சொல்ல வேண்டும். முதலாமவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910-இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். வெண்குறுமீன்களின் நிறைக்கு அவர் கண்ட எல்லையையே யாவரும் சொல்வர். கதிரவன் ஒளியைப் பற்றிய அவர்தம் பணியைச் சொல்வோர் குறைவு.

கதிரவன் பெரும்பகுதி ஹைட்ரஜனால் ஆனது. ஹைட்ரஜன் அணு தனித்துச் சில கோடுகளையே உமிழ வல்லது. ஆனால் கதிரவன் ஒளியோ சிவப்பு முதல் ஊதா வரை இடைவெளியின்றி நிறைந்திருக்கிறது. இந்நிறைவு எங்கிருந்து வந்தது? 1939-இல் வைல்ட் என்பார் ஒரு கருத்தை முன்வைத்தார். கதிரவன் மேற்பரப்பில் சோடியம், கால்சியம், மெக்னீசியம் போன்ற உலோகங்கள் தம் எலக்ட்ரான்களை எளிதில் இழக்கின்றன. அவ்வாறு அலையும் எலக்ட்ரான் ஒன்று ஹைட்ரஜன் அணுவின்மேல் மோதி அதனோடு ஒட்டிக்கொண்டால், இரண்டு எலக்ட்ரான் உடைய எதிர்மின் ஹைட்ரஜன் அயனி உண்டாகிறது. ஒட்டும்போது ஒளி பிறக்கிறது. எலக்ட்ரான் எந்த வேகத்திலும் வரலாமாதலின் பிறக்கும் ஒளியும் எந்த நிறத்திலும் இருக்கலாம். அப்பிணைப்போ மிகத் தளர்ந்தது. வந்த ஒளித்துகள் ஒன்றே அதனைப் பிரித்துவிடும். அப்போது அவ்வொளி உட்கவரப்படுகிறது. ஒட்டாமல் அருகே கடந்து செல்லும் எலக்ட்ரானும் அக்கணத்தில் அகச்சிவப்பு ஒளியை உட்கவர்கிறது. இந்த அயனி எவ்வளவு ஒளியை உட்கவரும் என்பதைக் கணக்கிடுவது கடினமானதொரு வேலை. சந்திரசேகர் 1940களின் நடுப்பகுதியில் அக்கணக்கை மேற்கொண்டு, 1946-இல் பிரான்சிஸ் பிரீன் என்னும் உடனாய்வாளரோடு அட்டவணைகளை வெளியிட்டார். கதிரவன் ஒளியின் இயல்பு அவ்வட்டவணைகளோடு பொருந்தியது.

இவ்வயனி கதிரவன் மேற்பரப்பில் எத்துணை உண்டு என்று பார்த்தால், கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றுக்கும் குறைவே. அச்சிறுபான்மையே நம் கண்ணுக்கு வரும் பகலொளியில் பெரும்பகுதியைத் தருகிறது. வெள்ளாற்று மணலில் விழும் வெயிலும், நம் பகுதியின் களங்களில் மக்காச்சோளம் காயும் வெயிலும், எலக்ட்ரான் ஒன்று அணுவொன்றைச் சந்தித்த சந்திப்பில் பிறந்தவை. இதனைக் கணக்கிட்டவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர். நம் பத்தாம் வகுப்பு மாணவனுக்கு இது தெரியுமா? தமிழில் எளிய நூலொன்றில் இதனை அவன் படிக்கும்படி நாம் செய்திருக்கிறோமா?

இரண்டாமவர் ரங்கசாமி சீனிவாசன். 1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, அமெரிக்கா சென்று ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றியவர். ஆர்கனும் புளோரினும் இயல்பு நிலையில் கூடுவதில்லை. அவற்றின் கலவையில் வலிய மின்சாரத்தைப் பாய்ச்சினால், கிளர்ச்சியுற்ற நிலையில் ஓர் ஆர்கனும் ஒரு புளோரினும் கைகோக்கின்றன. அக்கூட்டுறவு வினாடியின் நூறு கோடிக் கூற்றில் சில கூறுகளே நிலைக்கும். 1930 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை உமிழ்ந்தவுடன் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. உமிழ்ந்தபின் அந்த மூலக்கூறே இல்லாது போவதால், பிறந்த ஒளியை மீண்டும் உட்கவர ஆளில்லை. லேசருக்கு இதனினும் ஏற்ற நிலை வேறென்ன வேண்டும்? இவ்வகை லேசரின் ஒளி உயிர்த்திசுவைச் சுடாமல், கருக்காமல், மயிரிழையினும் நுண்ணியதாகச் செதுக்கும் என்பதை 1981-இல் சீனிவாசனும் உடனாய்வாளர் வைன், பிளம் ஆகியோரும் கண்டனர். முதலிற் பயன்பட்டது விருந்தில் எஞ்சிய வான்கோழியின் திசு என்பது சுவையான செய்தி. கண்ணின் கருவிழிப் படலத்தைச் செதுக்கிக் கண்ணாடி அணியும் தேவையை நீக்கும் லேசிக் சிகிச்சை இதன் வழியாகவே வந்தது. 2013-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா அந்நாட்டுத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை அவர்க்கு அணிவித்தார். நம் ஊரிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ சென்று இச்சிகிச்சை பெற்று வருவோர் உளர். தம் கண்ணைத் திருத்திய ஒளி இரண்டு அணுக்களின் நொடிநேரக் கூட்டுறவில் பிறந்தது என்பதை அவர்க்கு எடுத்துச் சொல்வார்தாம் இல்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன். மேற்கூறியவற்றுள் பெரும்பகுதி நம் கல்லூரிப் பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டதன்று. நிறமாலையியல் பாடத்தில் மாணவர் இவற்றைத் தொட்டே செல்கின்றனர். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆனால் தெருவிளக்கு ஏன் பொன்னிறம் என்று வீட்டில் தாய் கேட்டால் அம்மாணவன் வாய் திறப்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதிய வரிகள் தேர்வுத்தாளோடு போய்விட்டன. தமிழில் சொல்ல அவனுக்கு ஒருவரும் பயிற்சி தரவில்லை. இக்குறை இயற்பியல் துறையினுடையது மட்டுமா? நான்கு பருவங்கள் பகுதி ஒன்று தமிழ் என்னும் பெயரால் அம்மாணவனை நாம்தான் வைத்திருந்தோம். செய்யுளும் நாடகமும் இலக்கிய வரலாறும் சொன்னோம், வேண்டுவனவே. தன் துறைச் செய்தியைத் தன் தாய்க்கு விளங்கும் உரைநடையில் ஒரு பக்கம் எழுதச் சொன்னோமா?

கலைச்சொல் இல்லை என்பார் கூற்று பழையது, இன்று பொருந்தாதது. இக்கட்டுரையில் வந்த நிறமாலை, அலைநீளம், மூலக்கூறு, அயனி, அகச்சிவப்பு, புற ஊதா ஆகியவை பள்ளிப் பாடநூல்களில் நெடுங்காலமாக வழங்குவன. 1970களில் கல்லூரி அளவிலான இயற்பியல் நூல்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தமிழில் வெளியிட்டது. பெ.நா. அப்புசுவாமி அறிவியலைத் தமிழில் எழுதியே வாழ்நாளைச் செலவிட்டார். நம் சமுதாயத்தவரான மணவை முஸ்தபா யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பைப் பல்லாண்டுகள் நடத்தி, கலைச்சொற் களஞ்சியங்களைத் தொகுத்தளித்து, 2017-இல் மறைந்தார். அவர் தொகுதிகள் எத்தனை கல்லூரி நூலகங்களில் தூசு படிந்து கிடக்கின்றனவோ! சொல் இருக்கிறது, சொல்வார் இல்லை.

உமிழ்தல் என்னும் சொல்லைக் கேட்டு வகுப்பில் மாணவர் சிரிப்பதுண்டு. எச்சில் நினைவுக்கு வருகிறது போலும். நாகம் தன் மணியை உமிழ்ந்து அதன் ஒளியில் இரை தேடும் என்னும் கற்பனை நம் பழம்பாடல்களில் பயின்று வருவது. ஒளிக்கும் அச்சொல்லுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. இதனை எடுத்துச் சொல்லத் தமிழாசிரியரால்தான் இயலும். அதே வேளையில், சோடியத்துக்கும் எலக்ட்ரானுக்கும் வலிந்து தமிழ்ப்பெயர் தேடி மாணவரை அலைக்கழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உலகம் முழுதும் ஒரு பெயரால் வழங்குவதை அப்பெயராலேயே வழங்கி, வினையையும் விளக்கத்தையும் தமிழாக்கினால் போதும். மோதுகிறது, ஒட்டுகிறது, பிரிகிறது, உட்கவர்கிறது என்னும் வினைகளில்தான் இயற்பியல் இருக்கிறது.

பெரியோர்களுக்கும் ஒரு சொல். நம் இளைஞர் வளைகுடா நாடுகளுக்குச் செல்ல வேண்டியவர்கள். ஆங்கிலமும் அரபியும் இருந்தால் போதாதா என்று கேட்பவர் லப்பைக்குடிக்காட்டில் இன்றும் உளர். ஆங்கிலம் வேண்டாம் என்று யான் சொல்லவில்லை. ஆனால் ஒளியைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றைப் பாருங்கள். கண்ணிலிருந்து கதிர் சென்று பொருளைத் தொடுவதால் காட்சி உண்டாகிறது என்னும் பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து ஒளி வந்து கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என்று நிறுவியவர் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம். அவர் தம் பெருநூலாகிய கிதாபுல் மனாழிரைப் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபியில் எழுதினார். அவர்க்கு முன்னே யூக்ளிடும் தாலமியும் கிரேக்கத்திலிருந்து அரபிக்கு வந்திருந்தனர். பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் மொழிபெயர்த்தனர். பனூ மூஸா உடன்பிறப்பினர் போன்ற செல்வர் பொருள் கொடுத்தனர். கிரேக்க மொழியிலேயே கற்றுக்கொள்ளட்டும் என்று அவர்கள் விட்டிருந்தால் இப்னுல் ஹைதம் தோன்றியிருப்பாரா? அவர் நூல் பின்னர் இலத்தீனுக்குப் பெயர்ந்து ஐரோப்பாவின் ஒளியியலுக்கு அடித்தளமாயிற்று.

நம் முன்னோர் அவ்வழியை நன்கறிந்தவர்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதி, அரபுத்தமிழ் என்னும் வடிவில் வீட்டுப் பெண்டிர்க்கும் அறிவைக் கொண்டுசேர்த்தனர். உமறுப்புலவர் அரபு நாட்டு வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்கினார். அரியதொரு பொருளைத் தாய்மொழிக்குள் கொண்டுவருவது இச்சமுதாயத்துக்குப் புதிதன்று. கல்லூரிக் கட்டடத்துக்கும் வகுப்பறை மின்விசிறிக்கும் வழங்கும் கொடையாளர், கொடையில் ஒரு சிறு பங்கை நூலுக்கு ஒதுக்கினால் என்ன?

ஆகவே என் முன்மொழிவு இது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 28-இல் தேசிய அறிவியல் நாளைக் கொண்டாடுகிறோம். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த இராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவை முன்னிட்டு அமைந்த நாள் அது. வரவேற்புரை, வாழ்த்துரை, தேநீர் என்று அது முடிந்துவிடுகிறது. அந்நாளுக்குள் இரண்டாமாண்டு அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும், தம் ஆய்வகத்தில் தாமே செய்த சோதனையொன்றைப் பற்றி நான்கு பக்கத்தில் தமிழ்க் கட்டுரை எழுத வேண்டும். செய்தி பிழையற்றதா என்பதை அத்துறை ஆசிரியர் பார்க்கட்டும். மொழி தெளிவானதா என்பதைத் தமிழ்த்துறை பார்க்கட்டும். அகமதிப்பீட்டில் அதற்குச் சில மதிப்பெண்கள் வேண்டும். மதிப்பெண் இல்லாத வேலையை மாணவர் செய்யார், நாமும் செய்யோம். சிறந்த பத்துக் கட்டுரைகளைச் சிறுநூலாக அச்சிட்டு, சுற்றுவட்டார உயர்நிலைப் பள்ளிகளுக்கு விலையின்றி அனுப்பலாம். பெண் மாணவியரின் கட்டுரைகள் அதில் பாதியேனும் இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. வகுப்பில் குறிப்பெடுப்பவர் அவர்களே.

முதற் கட்டுரைக்குப் பொருளும் ஆயத்தமாகவே இருக்கிறது. கழற்றிப் போட்ட உயர்அழுத்தச் சோடியம் விளக்கொன்றை அதற்குரிய துணைக்கருவியோடு கேட்டு வாங்கலாம். இயற்பியல் துறை மின் இணைப்பைப் பார்த்துக்கொள்ளும். விளக்கை ஏற்றியவுடன் முதலில் மங்கிய வெள்ளொளி தோன்றும், அது செனான். பின்னர்ச் சோடியம் ஆவியாகத் தொடங்கியதும் ஆய்வக விளக்கைப் போன்ற வெறும் மஞ்சள் வரும். சில நிமிடங்களில் ஆவி அடர்ந்து, அணுக்கள் நெருங்கி மோத மோத, அம்மஞ்சள் விரிந்து பொன்னாகும். அச்சில நிமிடங்களையும் நிறமாலைமானி வழியே கண்டு, கண்டதைத் தமிழில் எழுத முன்வரும் மாணவர் தமிழ்த்துறையில் என்னைச் சந்திக்கலாம்.